கம்பெனி போய்விட்டது, சுவரில் சார்ஜர் இருக்கிறது

2024 அக்டோபர் முதல் வாரம். அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுச் சுவரில் ஜூஸ்பாக்ஸ் என்ற சார்ஜரை மாட்டி மின்சாரக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஓர் அறிவிப்பு வந்து சேர்ந்தது. அதை விற்ற எனெல் எக்ஸ் வே நிறுவனம் அக்டோபர் 11ஆம் தேதியோடு வட அமெரிக்காவில் கடையை மூடுகிறதாம். பத்து நாள்கூட அவகாசம் இல்லை. ஏதோ துக்கடா கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். இத்தாலியின் பெரிய மின் நிறுவனமான எனெல் குழுமத்தைச் சேர்ந்தது அது. கலிஃபோர்னியாவில் ஜூஸ்பாக்ஸை உருவாக்கிய இமோட்டார்வெர்க்ஸ் நிறுவனத்தை எனெல் 2017இல்தான் வாங்கியிருந்தது. ஏழு வருஷத்தில் கதை முடிந்தது.

அந்த அறிவிப்பில் ஒரு விசித்திரம் உண்டு. வீடுகளில் மாட்டிய பெட்டிகள் தொடர்ந்து வண்டியை சார்ஜ் செய்யும், ஆப் மட்டும் நின்றுவிடும் என்றார்கள். கடைகளிலும் அலுவலகங்களிலும் மாட்டிய வணிகச் சார்ஜர்களோ மென்பொருள் இல்லாமல் வேலை செய்யாது என்றார்கள். ஒரே கம்பெனி, ஒரே தேதி. ஒரு பெட்டி பிழைக்கிறது, இன்னொன்று சாகிறது. ஏன் என்று புரிந்துகொண்டால் போதும். எந்தக் கம்பெனி எப்போது கைவிட்டாலும் நம் வீட்டுச் சார்ஜரை என்ன செய்வது என்பது தானாகப் புரிந்துவிடும்.

மோட்டார் ரூமில் இருக்கும் அதே பெட்டி

கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரைப் பார்த்திருப்பீர்கள். பச்சை பட்டன், சிவப்பு பட்டன். பச்சையை அமுக்கினால் உள்ளே கான்டாக்டர் என்ற காந்த சுவிட்ச் 'டக்' என்று ஒட்டும், மோட்டார் ஓடும். என் சித்தப்பா சில வருஷத்துக்கு முன்னால் அதோடு ஒரு மொபைல் ஸ்டார்ட்டரையும் சேர்த்து மாட்டினார். சிம் போட்ட சின்ன டப்பா. வீட்டில் கட்டிலில் படுத்தபடியே போன் அடித்து மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம், மும்முனை மின்சாரம் வந்துவிட்டதா என்று கேட்கலாம். ஒருமுறை அந்த சிம்முக்கு ரீசார்ஜ் போட மறந்துவிட்டார். டப்பா ஊமையாகிவிட்டது. அதற்காகப் பயிரைக் காயவிட்டாரா? டார்ச்சை எடுத்துக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே வரப்பில் நடந்துபோய்ப் பச்சை பட்டனை அமுக்கினார். டக். தண்ணீர் வந்தது.

வீட்டுக் கார் சார்ஜரும் இந்த இரண்டும் சேர்ந்ததுதான். அடியில் ஒரு கான்டாக்டர். அதன்மேல் வைஃபையோ சிம்மோ வைத்த ஒரு பேசும் டப்பா. கம்பெனி மூடினால் ஊமையாவது டப்பா. பச்சை பட்டன் இன்னும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதில் பெயரே கொஞ்சம் ஏமாற்றும். சுவரில் இருப்பதை சார்ஜர் என்கிறோம். உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றுவது காரின் வயிற்றில் உட்கார்ந்திருக்கும் கருவி. சுவர்ப் பெட்டி மின்சாரத்தை எதுவும் மாற்றுவதில்லை. "இந்த லைனில் இவ்வளவு ஆம்பியர் வரை இழுக்கலாம்" என்று காருக்குச் சொல்கிறது, எல்லாம் சரியென்றால் சுவிட்சைப் போடுகிறது, கோளாறு தெரிந்தால் உடனே அணைக்கிறது. அவ்வளவுதான் அதன் உத்தியோகம். நெடுஞ்சாலையோரம் ஆளுயரத்துக்கு நிற்கும் டிசி வேகச் சார்ஜர் வேறு சாதி; அதை இங்கே சேர்க்கவில்லை.

பிளக்கைச் செருகியதும்

சுவர்ப் பெட்டியும் காரும் என்ன பேசிக்கொள்கின்றன என்று ஒருமுறை கிட்டே போய்ப் பார்த்துவிடலாம். பயந்துவிடாதீர்கள், டிரான்சிஸ்டர் ரேடியோவைவிட எளிமையானது.

பிளக்கில் மின்சாரம் போகிற பெரிய முனைகளோடு பேச்சுக்கென்று ஒரு சின்ன முனை இருக்கிறது. பைலட் முனை என்பார்கள். பிளக் சும்மா தொங்கும்போது பெட்டி அதில் 12 வோல்ட் வைத்திருக்கும். காரில் செருகியதும், காருக்குள் இருக்கும் ஒரு டயோடும் ரெசிஸ்டரும் அந்த 12ஐ 9 வோல்ட்டாக இறக்கும். 'ஓ, வண்டி வந்துவிட்டது' என்று பெட்டிக்குத் தெரிந்துவிடும். உடனே அது அந்த முனையில் விநாடிக்கு 1000 முறை மேலும் கீழும் தாவும் ஒரு சதுர அலையை அனுப்பத் தொடங்கும். அலை மேலே இருக்கும் நேரம் எத்தனை சதவீதம் என்பதில்தான் செய்தி ஒளிந்திருக்கிறது. சதவீதத்தை 0.6ஆல் பெருக்கினால் ஆம்பியர். 10 சதவீதம் மேலே நின்றால் 6 ஆம்பியர், 26.7 சதவீதம் என்றால் 16, 53.3 சதவீதம் என்றால் 32. கார் அதைப் படித்துக்கொண்டு, தயார் என்றதும் இன்னொரு ரெசிஸ்டரைச் சேர்த்து 9ஐ 6 வோல்ட்டாக இறக்கும். பெட்டி அதைப் பார்த்ததும் கான்டாக்டரைப் போடும்.

டக். சார்ஜ் ஏறுகிறது.

இந்தப் பேச்சில் எங்காவது இணையம் வந்ததா? சர்வர் வந்ததா? கடவுச்சொல் கேட்டார்களா? இல்லை. அமெரிக்காவில் ஜே1772 என்றும், ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் புழங்கும் டைப் 2 பிளக்குக்கு ஐஇசி 61851 என்றும் தரநிலையின் பெயர் மாறும். அலையின் கணக்கு ஒன்றே. எந்தக் கம்பெனியும் இந்த மொழிக்குச் சொந்தக்காரர் கிடையாது, அதனால் யாரும் இதை மூடவும் முடியாது.

பாதுகாப்பு வேலையும் அப்படியே. மின்கசிவைக் கண்டுபிடித்து அணைப்பது, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, பிளக் சூடானால் ஆம்பியரைக் குறைப்பது எல்லாம் பெட்டிக்குள்ளேயே நடப்பவை. உயிர் காக்கிற முடிவை எந்த நல்ல வடிவமைப்பாளரும் வேறு கண்டத்து சர்வரிடம் கேட்டுச் செய்ய மாட்டார்.

அப்படியானால் வணிகச் சார்ஜர் ஏன் செத்தது?

அங்கே நடுவில் ஒரு ஆள் நிற்கிறார். காசு வாங்குகிறவர். யார் வண்டி, கணக்கில் பணம் இருக்கிறதா, யூனிட்டுக்கு என்ன விலை என்று சர்வரைக் கேட்டு, 'போடு' என்று பதில் வந்த பிறகுதான் கான்டாக்டர் ஒட்டும். அனுமதி வெளியே இருக்கிறது. சர்வர் போனால் அனுமதி போனது.

வீட்டுப் பெட்டியில் பொதுவாக அனுமதி உள்ளேயே இருக்கும்: செருகினால் ஏறும். ஆனால் 'பொதுவாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். நாமே வசதிக்காக ஆப்பில் எதையாவது மாற்றி, அனுமதியைத் தூக்கி வெளியே கொடுத்துவைத்திருப்போம். அவை எவை என்பதுதான் கைவிடப்பட்ட சார்ஜரின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

முதலாவது பூட்டு. பக்கத்து வீட்டுக்காரர் செருகிவிடக் கூடாதென்று ஆப்பில் பூட்டு போட்டிருப்போம், ஆப்பில் திறந்தால்தான் சார்ஜ். கம்பெனி மூடும் நாளில் பூட்டு பூட்டியபடியே இருந்தால் அந்தப் பெட்டி சுவரில் தொங்கும் அலங்காரப் பொருள். ஸ்மார்ட் கார்டு தேய்த்துத் திறப்பதும் இதே வகைதான். கார்டுகளின் பட்டியல் பெட்டிக்குள் சேமிக்கப்பட்டிருந்தால் பிழைத்தீர்கள், சர்வரில் இருந்தால் இல்லை.

அடுத்தது நேர அட்டவணை. இரவு 12 மணிக்கு மின்கட்டணம் குறையும், அப்போது தொடங்கு என்று சொல்லிவைத்திருப்போம். சில பெட்டிகள் அதைத் தங்கள் நினைவில் எழுதிவைத்துக்கொள்ளும். சில பெட்டிகள் சர்வர் வந்து எழுப்பும் என்று காத்துக்கிடக்கும். எழுப்ப ஆள் இல்லாவிட்டால் காலையில் வண்டி நேற்றைய சார்ஜோடு நிற்கும்.

மூன்றாவது ஆம்பியர் வரம்பு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் வயர் உருகும் சமாச்சாரம் இருக்கிறது. நம்மூர் வீட்டுச் சார்ஜர் ஒன்று 7.4 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் 32 ஆம்பியர். உங்கள் வீட்டில் அதற்கு இழுத்த லைனில், மின்சாரம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்சான எம்சிபி 20 ஆம்பியருக்குத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எலக்ட்ரீஷியன் ஆப்பைத் திறந்து 16 ஆம்பியருக்கு மேல் போகாதபடி கட்டிவைத்துவிட்டுப் போயிருப்பார். அமெரிக்காவில் இதே கதை வேறு எண்களில்: நீண்ட நேரம் இழுக்கும் சுமைக்கு பிரேக்கர் 125 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி, 40 ஆம்பியர் சார்ஜருக்கு 50 ஆம்பியர் பிரேக்கர். பழைய வீட்டில் 40 பிரேக்கர்தான் இருக்கிறதென்றால் சார்ஜரை 32க்குக் கட்டுவார்கள்.

இந்த வரம்பு பெட்டிக்குள் ஒரு சின்ன சுவிட்சாகவோ திருகும் குமிழாகவோ இருந்தால் கவலையில்லை. ஆப்பில் மட்டும் இருந்தால்? பெட்டி ஏதோ மக்கர் செய்கிறதே என்று நீங்கள் ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால், அது தொழிற்சாலைக் கணக்கான 32க்கே திரும்பிவிடலாம். எம்சிபி நல்லதாக இருந்தால் சில நிமிஷங்களில் விழும். மட்டமானதாக இருந்தால் வயர்தான் பதில் சொல்லும். கைவிடப்பட்ட சார்ஜரில் ரீசெட் பட்டனை விளையாட்டாக அமுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். திரும்பச் சரிசெய்ய ஆப் இருக்காது.

நாலாவது, யாருக்கும் தோன்றாதது: வைஃபை பெயர். ஆப்பில் உள்நுழைந்தால்தான் புது வைஃபையைச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று சில பெட்டிகளைச் செய்திருக்கிறார்கள். ரவுட்டரை மாற்றினீர்கள் என்றால் பெட்டி பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். இதற்கு மருந்து சுலபம். புது ரவுட்டருக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் வைத்துவிடுங்கள். பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. இவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் கேட்பவை என்பதால் ரவுட்டரில் அதை அணைத்துவிடாதீர்கள்.

கடை மூடும் முன்

ஆக, மூடப்போகிறோம் என்று செய்தி வந்தால் முதல் வேலை, கம்பெனியைத் திட்டுவதற்கு முன்பே, ஆப் உயிரோடு இருக்கும்போது இவற்றை அவிழ்ப்பது. பூட்டை எடுங்கள். அட்டவணையை நீக்கி, செருகியதும் ஏறுகிற நிலையில் வையுங்கள். ஆம்பியர் வரம்பைப் பார்த்து, ஒரு காகிதத்தில் தேதி போட்டு எழுதி மெயின் போர்டின் கதவுக்குள் ஒட்டுங்கள். போனில் குறித்துக்கொண்டால் தேவைப்படும்போது கிடைக்காது. அலுவலகத்தில் மின்கட்டணத்தைத் திரும்ப வாங்குகிறவர்கள் பழைய சார்ஜ் கணக்கை இறக்கிக்கொள்ளுங்கள். மின்வாரியத் தள்ளுபடித் திட்டம் எதிலாவது இந்தப் பெட்டியைச் சேர்த்திருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குக் கடைசியாக வரும் அப்டேட்டைப் போடலாமா? என் பதில்: எதை மாற்றுகிறார்கள் என்று படித்த பிறகு. நல்ல கம்பெனி போகிற போக்கில் பெட்டியைத் திறந்துவிட்டுப் போகும், வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே இயக்க வழி கொடுக்கும். அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். ஒன்றும் சொல்லாமல் ஒரு அப்டேட் வந்தால், மற்றவர்கள் போட்டு ஒரு வாரம் ஆகட்டும்.

அப்புறம் ரவுட்டரை அணைத்துவிட்டு, போனில் டேட்டாவையும் அணைத்துவிட்டு, வண்டியைச் செருகிப் பாருங்கள். 'டக்' கேட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. இன்னொரு சோதனையும் வேண்டும்: மெயின் சுவிட்சை அணைத்து, ஐந்து நிமிஷம் கழித்துப் போட்டு, இணையம் இல்லாமலேயே மறுபடி செருகுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு சர்வரைப் பார்த்தால்தான் விழிப்பேன் என்று அடம்பிடிக்கும் பெட்டிகள் இதில் மாட்டிக்கொள்ளும்.

ஊமைப் பெட்டியோடு வாழ்வது

பெரும்பாலானவர்களுக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படாது. இப்போது வரும் மின்சாரக் கார்கள் பலவற்றில் நேரம் குறித்து சார்ஜ் ஏற்றுவது, எத்தனை சதவீதத்தில் நிறுத்துவது எல்லாம் காரின் திரையிலேயே இருக்கிறது. சிலவற்றில் ஆம்பியரையும் குறைக்கலாம். சார்ஜரின் ஆப்பில் செய்துகொண்டிருந்ததைக் காரில் செய்யுங்கள். ஒரே வேலையை இரண்டு இடத்தில் வைத்துக் குழம்பிக்கொண்டிருந்தவர்கள் பலர். காரில் 11 மணி, சார்ஜரில் 12 மணி என்று போட்டுவிட்டு ஏன் ஏறவில்லை என்று தலையைச் சொறிவார்கள். அந்தத் தொல்லையாவது விட்டது.

காரின் ஆப்பும் சாகும் என்பது வேறு கதை. 2016க்கு முன் செய்யப்பட்ட நிஸான் லீஃப் கார்களுக்கு பிரிட்டனில் ஆப் சேவை 2024 ஏப்ரலில் நின்றது. அவற்றின் உள்ளே இருந்தது பழைய 2ஜி இணைப்பு. ஆனாலும் காரின் உள்ளேயே அமைக்கும் நேரக்குறிப்பு தொடர்ந்து வேலை செய்தது. அனுமதி உள்ளே இருந்ததால்.

சர்வர் வேஷம்

சிலருக்கு ஊமைப் பெட்டி போதாது. கூரையில் சோலார் இருக்கும், வெயில் மிச்சமாகும்போது மட்டும் வண்டிக்குப் போக வேண்டும். அல்லது வீட்டில் ஏசி, கீசர் எல்லாம் ஓடும்போது சார்ஜர் அடக்கி வாசிக்க வேண்டும். அதற்குப் பெட்டி யாரோடாவது பேசியாக வேண்டும். பேச யார் இருக்கிறார்கள்?

ஜூஸ்பாக்ஸ்காரர்களில் சிலர் செய்தது ரசிக்கத்தக்க வேலை. பெட்டி தன் பாட்டுக்கு, "இத்தனை வோல்ட், இத்தனை ஆம்பியர், வண்டி செருகியிருக்கிறது" என்று கம்பெனியின் சர்வருக்குச் சின்னச் சின்னச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். சர்வர், "சரி, 24 ஆம்பியர் வரை போ" என்கிற மாதிரி பதில் சொல்லும். இந்தப் பேச்சை ஒட்டுக்கேட்டு, எந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று தன்னார்வலர்கள் கண்டுபிடித்துவைத்திருந்தார்கள். பிறகு வீட்டு ரவுட்டரில் ஒரு சின்னப் பொய்யை எழுதிவைத்தார்கள். பெட்டி, "கம்பெனி சர்வர் எங்கே இருக்கிறது?" என்று பெயர் சொல்லிக் கேட்கும்போது, ரவுட்டர் கடல் தாண்டிய முகவரியைக் கொடுக்காமல், "அதோ, பக்கத்து அறையில்" என்று ஒரு ராஸ்பெர்ரி பை கணினியைக் காட்டும். அதில் ஓடும் ஜூஸ்பாஸ்ப்ராக்ஸி என்ற இலவச மென்பொருள் சர்வர் வேஷம் கட்டிக்கொண்டு பதில் சொல்லும். பெட்டிக்கு முதலாளி மாறியதே தெரியாது. ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியங்கி மென்பொருளின் திரையில் பழையபடி ஆம்பியரைப் பார்க்கலாம், மாற்றலாம்.

இந்த உபாயம் எல்லாப் பெட்டியிலும் பலிக்காது. ஜூஸ்பாக்ஸ் கொஞ்சம் வெள்ளந்தி; பதில் சொல்கிறவர் யாரென்று அடையாள அட்டை கேட்கவில்லை. இப்போதைய பெட்டிகள் பல, டிஎல்எஸ் சான்றிதழ் என்ற அந்த அடையாள அட்டையைக் கேட்கும். பாதுகாப்புக்கு அது நல்லது, மீட்புக்குக் கெட்டது. இந்த இழுபறிக்கு முழுத் தீர்வு இல்லை. மூடுகிற கம்பெனி சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால்தான் உண்டு.

எல்லோருக்கும் பொதுவான மொழி

வேஷம் கட்டாமலே இதைச் செய்ய ஒரு நேர்வழி இருக்கிறது. 2009இல் நெதர்லாந்தில் ஈலாட் என்ற அமைப்பு நாடு முழுக்க பொதுச் சார்ஜர்களை நிறுவப் புறப்பட்டபோது, ஒரே தயாரிப்பாளரிடம் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று ஒரு பொதுமொழியை உருவாக்கியது. ஓசிபிபி என்று பெயர். எந்தக் கம்பெனியின் பெட்டியும் எந்தக் கம்பெனியின் சர்வரோடும் பேசலாம். 2015இல் வந்த 1.6 பதிப்புதான் இன்றும் அதிகம் புழங்குகிறது. அடுத்த தலைமுறையான 2.0.1, 2024இல் ஐஇசி 63584 என்ற சர்வதேசத் தரநிலையாகவே ஆகிவிட்டது.

பேச்சு எப்படி இருக்கும்? பெட்டி எழுந்ததும் "நான் இன்ன மாடல், விழித்துவிட்டேன்" என்று சர்வருக்குச் சொல்லும். அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை "உயிரோடு இருக்கிறேன்" என்று ஒரு துடிப்பு. வண்டி வந்தால் ஒரு செய்தி, மீட்டர் அளவு ஒரு செய்தி. சர்வர், "தொடங்கு", "நிறுத்து", "16 ஆம்பியருக்குக் குறை" என்று உத்தரவிடும். இங்கே நமக்கு முக்கியமானது ஒன்றே: போன் போடுவது பெட்டிதான். யாருக்குப் போட வேண்டும் என்ற முகவரி பெட்டியின் அமைப்புகளில் ஒரு வரியாக இருக்கும். அந்த வரியை நீங்கள் மாற்ற முடிந்தால் கம்பெனி இருந்தால் என்ன, போனால் என்ன? வேறு நிறுவனத்தின் சர்வரைக் கொடுக்கலாம். வீட்டிலேயே ஹோம் அசிஸ்டன்ட்டில் ஓசிபிபி இணைப்பைப் போட்டு அதன் முகவரியைக் கொடுக்கலாம். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஸ்டீவ் என்ற இலவச சர்வரையும் நிறுவலாம். சோலார்க்காரர்களுக்கு இவிசிசி என்ற ஜெர்மன் மென்பொருள் பிடிக்கும். வெயிலைப் பார்த்து ஆம்பியரை ஏற்றி இறக்குவதற்கென்றே எழுதப்பட்டது.

இதில் ஒரு பொடி எழுத்து உண்டு. அட்டைப்பெட்டியில் ஓசிபிபி என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, முகவரி வரியைக் கடவுச்சொல் வைத்துப் பூட்டிவைக்கும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். நிறுவ வருகிற டெக்னீஷியனிடம் மட்டும் அந்தக் கடவுச்சொல் இருக்கும். அவர் ஊரில் இருக்கும்போதே வாங்கி எழுதிவையுங்கள். இன்னொன்று, இணையம் இல்லாதபோது அறிமுகமில்லாத கார்டுக்கும் சார்ஜ் கொடு என்கிற ஓர் அமைப்பு ஓசிபிபியில் இருக்கிறது. வீட்டுப் பெட்டியில் அதை இயக்கிவைத்தால் சர்வர் இல்லாத நாளிலும் வண்டி நிற்காது.

மூளை மாற்று

மென்பொருள் வழி எதுவும் பலிக்கவில்லை, பெட்டி செருகினாலும் அசையவில்லை என்றால்? கேபிள், பிளக், உறை, கான்டாக்டர் நன்றாக இருக்கும் பட்சத்தில் உள்ளே இருக்கும் மின்னணுப் பலகையை மட்டும் மாற்றலாம். பணம் போட்டதில் ஒரு பகுதி அந்தச் செம்பிலும் பிளக்கிலும் இருக்கிறது. மேலே பார்த்தோமே, 12 வோல்ட், 9 வோல்ட், சதுர அலை. அதை உண்டாக்கும் பலகையின் வடிவமைப்பை 2011 முதல் ஓபன்இவிஎஸ்இ என்ற அமெரிக்கத் திட்டம் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. வரைபடம் முதல் மென்பொருள் வரை பொதுவெளியில் இருக்கிறது. அதை வைத்துத் தங்கள் கைவிடப்பட்ட பெட்டிகளுக்கு மறுபிறவி கொடுத்தவர்கள் உண்டு.

இதை நீங்களே செய்யாதீர்கள். 32 ஆம்பியர் ராத்திரி முழுக்க ஓடும் இடம். ஒரு திருகு கால் சுற்று தளர்ந்திருந்தால் விடிவதற்குள் பிளாஸ்டிக் வாடை வரும். பேனல் போர்டு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள், மின்கசிவுச் சோதனையும் எர்த் சோதனையும் செய்துகொடுக்கச் சொல்லுங்கள்.

எல்லாப் பெட்டியையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்ற வெறியும் வேண்டாம். பிளக் முனை பழுப்பேறியிருக்கிறதா, கைப்பிடி சூடாகிறதா, கேபிள் தோல் வெடித்திருக்கிறதா, மின்கசிவு கண்டால் அணைக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் காரணமில்லாமல் விழுகிறதா? பழைய இரும்புக்குப் போட வேண்டிய நேரம் அது. கம்பெனி உயிரோடு இருந்தாலும் அதே பதில்தான்.

வீட்டுக்குள் ஒரு அநாதை

ஆதரவு நின்ற பெட்டி வேலை செய்துகொண்டே இருந்தால் ஒரு வேறு ஆபத்து. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க இனி ஆள் இல்லை. பெட்டியோ இன்னும் பழைய சர்வரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். மூடிய கம்பெனி அந்த இணையப் பெயருக்குப் பணம் கட்டாமல் விட்டால், நாளைக்கு யார் வேண்டுமானாலும் அதை வாங்கிக்கொண்டு 'ஹலோ' சொல்லலாம். மறுமுனையில் இருப்பது உங்கள் வீட்டின் பெரிய மின்கருவிகளில் ஒன்று.

ஆகவே, ஆப் செத்த பிறகு பெட்டிக்கு வெளியுலகத் தொடர்பு தேவையில்லை என்றால் ரவுட்டரில் அதன் இணைய வாசலை மூடிவிடுங்கள். விருந்தினர் வைஃபையில் தனியாக வைத்தாலும் ஓரளவு பரவாயில்லை. வீட்டுக்குள்ளேயே இயக்குகிறவர்கள், வெளியே போகும் வழியை அடைத்து உள்ளே மட்டும் விடலாம். சிம் போட்ட பெட்டி என்றால் சிம்மை முடக்கச் சொல்லிவிடலாம்.

அடுத்ததை வாங்கும்போது

சட்டம் மெதுவாக விழித்துக்கொள்கிறது. பிரிட்டனில் 2022 ஜூன் 30 முதல் விற்கப்படும் வீட்டுச் சார்ஜர்கள் இணையத் தொடர்பு அறுந்தாலும் வண்டியை சார்ஜ் செய்யக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். மின் விநியோகக் கம்பெனியை மாற்றினாலும் ஸ்மார்ட் வசதிகள் போய்விடக் கூடாது என்றும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம், 2027 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, இணையத்தோடு பேசும் பொருட்களுக்குப் பொதுவாகக் குறைந்தது ஐந்து வருஷம் பாதுகாப்பு அப்டேட் தர வேண்டும் என்கிறது. ஐந்து வருஷம் என்பது சுவரில் மாட்டும் ஒரு பொருளுக்குக் குறைச்சல் என்பது என் கட்சி. சீலிங் ஃபேனே இருபது வருஷம் ஓடுகிறது.

சட்டத்துக்குக் காத்திருக்காமல் கடையில் கேட்க வேண்டியவை சில. நெட் இல்லாமல் செருகினால் ஏறுமா? ஆம்பியர் வரம்பு பெட்டிக்குள் சுவிட்சாக இருக்கிறதா, ஆப்பில் மட்டுமா? ஓசிபிபி இருந்தால் சர்வர் முகவரியை நானே மாற்றலாமா? புளூடூத்திலோ வீட்டு நெட்வொர்க்கிலோ, கணக்குத் திறக்காமல் இயக்கலாமா? விற்பவர், "அதெல்லாம் ஆப்லயே இருக்கு சார்" என்றுதான் ஆரம்பிப்பார். சரி என்று சொல்லிவிட்டு, காட்சிக்கு வைத்திருக்கும் பெட்டியில் ஒரு டெமோ கேளுங்கள். ஆப்பைத் திறந்து காட்டத் தொடங்குவதற்கு முன், கடையின் வைஃபையை இரண்டு நிமிஷம் அணைக்கச் சொல்லுங்கள். பிறகு பிளக்கைச் செருகிவிட்டு, பெட்டிப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நில்லுங்கள்.